வீட்டில் உடம்பு சரியில்லை

கடன் கேட்பது எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறேன், காலேஜ் சம்பளத்துக்குக் கேட்டிருக்கிறேன். பூனைக்காக ஒருவர் வாசலில் போய் நிற்பது இருக்கிறதே, அது வேறு சங்கதி.

மீனுவின் வயிறு நீர் கோத்துப் பானை மாதிரி ஆகிவிட்டது. பூனையின் குடலில் சாதுவாக இருக்கும் ஒருவகைக் கொரோனா வைரஸ், சில சமயம் உருமாறி இப்படிச் செய்துவிடுமாம். முன்பெல்லாம் இந்த வியாதி வந்தால் பிழைப்பது அபூர்வம். கலிபோர்னியாவின் டேவிஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில் பெரும்பாலான பூனைகள் பிழைத்தன. ஜி.எஸ். 441524 (பெயரா, டெலிபோன் நம்பரா!) தினமும் தவறாமல் 84 நாள். எடைக்குத் தக்க அளவு. பூனை தேறித் தேறிக் கனக்க, செலவும் கனக்கும்.

சிநேகிதர் ஒருவரிடம் போனேன்.

"யாருக்கு உடம்பு?"

"வீட்டில்தான்" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நம் பாஷையில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கேட்டதற்கு மேலேயே கொடுத்தார்.

மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றார். கதவைத் திறந்தவள் என் மனைவி; இடுப்பில் மீனு. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள்?" என்றார்.

"79" என்றேன்.