மூக்கறுபட்ட ஊர்!

லட்சுமணன் சூர்ப்பனகையின் மூக்கை அறுத்தது இங்கேதான் என்கிறார்கள். அதனால்தான் ஊருக்கு நாசிக் என்று பெயராம். நாசி! பஞ்சவடியில் சீதை குகைக்கு வரிசையில் நிற்கும்போது மனைவிக்கு இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அன்று சாயங்காலமே அதே ஊரில் என் மூக்கும் அறுபடப் போகிறது என்று தெரியாது. ரத்தம் வராத அறுவை.

2024 பிப்ரவரி. மும்பையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கையில் மிச்சம். நாசிக் அங்கிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர்தான். 'கோதாவரியில் குளியல், த்ரயம்பகேஸ்வரர் தரிசனம்' என்று சொல்லி அவளைக் கிளப்பிவிட்டேன். ப்ரோக்ராமின் மூன்றாவது ஐட்டத்தை, ரயில் கசாரா தாண்டி மலை ஏற ஆரம்பித்த பிறகுதான் மெதுவாக அவிழ்த்தேன்.

"நாசிக்ல திராட்சைத் தோட்டம் ரொம்ப விசேஷம்..."

"திராட்சைதானே, பார்க்கலாமே."

"அதைப் பிழிஞ்சு..."

"ஜூஸா?"

"ம்... கொஞ்சம் பழைய ஜூஸ்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இகத்புரி வரை பேச்சே இல்லை.

நான் குடிகாரன் இல்லீங்க. வருஷத்துக்கு நாலைந்து தடவை, நண்பர்கள் வீட்டில், அதுவும் அடுத்தவர் செலவில். ஒயினில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை: சிவப்பு, வெள்ளை. ஆனால் பாட்டில் லேபிளில் எழுதியிருப்பார்களே, 'செர்ரி மணம், லேசாகப் புகையிலை, அடியில் ஈர மண்' என்றெல்லாம், அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு முறையும் தேடுவேன். ஈர மண் கிடைத்ததே இல்லை. பி.காம். படிக்கும்போது 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிபடாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இதுவும் அந்த வகைதானோ என்று சந்தேகம். நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு.

நாசிக் ரொம்ப காலமாகச் சாப்பிடுகிற திராட்சைக்குப் பேர் போன ஊர். ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்க வேலையை விட்டு வந்து, குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை போட்டு, 2000-ல் 'சூலா' என்ற பெயரில் முதல் பாட்டிலை வெளியே விட்டார். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒயின் ஆலைகள் பல முளைத்துவிட்டன. நாங்கள் போனது கங்காபூர் அணைப் பக்கம், கூட்டம் குறைவான ஒரு சின்ன இடம்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒரு வெட்டு, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு. முதல் வெட்டு கொடிக்கு, இரண்டாவது வெட்டு காய்க்கு. மழைக்காலத்தை இப்படித் தந்திரமாகத் தாண்டி, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தார்கள். சுண்டைக்காய் சைஸ், தடித்த தோல், உள்ளே பாதி விதை. ஆனால் இனிப்பு! நம் கடைத் திராட்சை கிட்டே வர முடியாது. மனைவி முகம் லேசாக மலர்ந்தது. இதுவரைக்கும் திராட்சைதானே.

அடுத்தது ருசி பார்க்கும் ஹால். பத்துப் பேர். ஆளுக்கொரு உயரமான கிளாஸ். ஒரு இளைஞர் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வந்தார். அளவு? கைக்குழந்தைக்கு கிரைப்வாட்டர் கொடுப்போமே, அதைவிடக் கொஞ்சம் தாராளம். வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்கணும், சுழற்றணும், மூக்கை உள்ளே விடணும், அப்புறம்தான் வாய். பிடிக்காவிட்டால் துப்ப ஒரு வாளி. நான் சுழற்றிய வேகத்தில் பாதி என் சட்டைக்குப் போனது.

மனைவி தன் கிளாஸைக் கையால் மூடிவிட்டாள். "மேடம், மோந்து மட்டும் பாருங்க" என்று இளைஞர் கெஞ்ச, சரி என்றாள்.

முதலில் சாவிஞான் பிளாங்க். "என்ன வாசனை வருது?" என்றார். புனேக்காரர் ஒருவர் "பேஷன் ஃப்ரூட்" என்றார். நானும் "யெஸ், பேஷன் ஃப்ரூட்" என்றேன். அந்தப் பழத்தை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மனைவி ஒரு முறை முகர்ந்துவிட்டு, "பச்சைக் குடமிளகாய். நறுக்கின உடனே வருமே, அது" என்றாள். மொழிபெயர்த்தேன். இளைஞர் கிட்டத்தட்டத் துள்ளினார். குடமிளகாயில் இருக்கிற அதே வாசனைச் சரக்கு இந்தத் திராட்சையிலும் இருக்கிறதாம்! அடுத்தது ஷெனின் பிளாங்க். "கொய்யா" என்றாள். அதுவும் சரி.

சிவப்பு வந்ததும் எனக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது. தோலோடும் விதையோடும் ஊறுவதால் அதில் 'டானின்' ஏறும், நாக்கு வறளும், கன்னம் உள்ளே இழுக்கும் என்று இளைஞர் ஐந்து நிமிஷம் கையை ஆட்டி விளக்கினார். மற்றவர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது. துவர்ப்பு! வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் மென்ற வம்சத்துக்கு டானின் பாடமா?

ஆனால் கடைசியாக வந்தது ஷிராஸ். "இதில் ஒரு மசாலா இருக்கு" என்றார். ஒன்பது பேரும் கோரஸாக "பெப்பர்" என்றார்கள். "இடிச்ச மிளகு" என்றாள் மனைவி. நான் மூக்கை முழுசாக முக்கினேன். ஒன்றும் வரவில்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை.

இளைஞர் ஆறுதல் சொன்னார். மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசனையைத் தருவது ரோட்டன்டோன் என்ற பொருளாம். 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டவே எட்டாதாம்.

மனைவி என்னையே பார்த்தாள். "அப்போ பத்து வருஷமா என் மிளகு ரசத்தை ஆஹா ஓஹோன்னது?"

"மேடம் என்ன சொல்றாங்க?" என்றார் இளைஞர்.

"ஒயின் நல்லா இருக்காம்" என்றேன்.

ஷிராஸ் கிளாஸோடு வெளித் திண்ணைக்கு வந்தோம். தூரத்தில் அணைத் தண்ணீர் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "உனக்கு எங்கேர்ந்து இப்படி ஒரு மூக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"அப்பா வர்ற நேரத்துக்கு வாசல்ல நான்தான் நிப்பேன். அவர் செருப்பைக் கழட்டும்போதே மோந்து பார்த்துட்டு ஓடிப்போய் அம்மாகிட்ட சொல்லணும். பிராந்தின்னா சோறு போட்டா தூங்கிடுவார். காய்ச்சின சரக்குன்னா தம்பியை இழுத்துக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போயிடணும். அப்போ எனக்கு ஏழு வயசு."

மாமனாரை நான் மாலை போட்ட போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். பத்து வருஷத்தில் ஒரு நாளும் இவள் இதைச் சொன்னதில்லை.

கையில் கிளாஸ். குடிக்கவும் தோணலை, கொட்டவும் தோணலை. அவளே வாங்கி, இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். "இதுல அந்த வாசனை இல்லை" என்று திண்ணையில் வைத்துவிட்டு, "ஆனா சரக்கு எவ்வளவுங்க இருக்கு இதுல?" என்றாள்.

கணக்குக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. ஒயினில் சுமார் 13 சதவீதம். 150 மில்லி கிளாஸ் என்றால் கிட்டத்தட்ட 20 மில்லி ஆல்கஹால். பிராந்தி 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜில் 26 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கிளாஸ் ஒயின் உள்ளே போனால் ஒரு லார்ஜை எப்போதோ தாண்டியாச்சு.

"அப்போ வாசனைதான் வேற."

"ஆமாம்."

பாட்டில் வாங்கவில்லை. ஒரு கிலோ உலர் திராட்சை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ரசம் வைக்கிற நாளில் பரீட்சை உண்டு. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மூக்குக்குக் கீழே கரண்டியை நீட்டுவாள். "மிளகா, சீரகமா?" இதுவரை எட்டு தடவை நடந்திருக்கிறது. மூன்றில் பாஸ். அந்த மூன்றும், அடுப்படியில் அரைபடுகிற சத்தத்தை வைத்துச் சொன்னது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.