அப்பாவின் ஹெர்குலிஸ்

எங்கள் வீட்டுக் கொல்லையில், தகரக் கொட்டகைக்குள், ஆறு ஆண்டுகளாக ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது. நின்றது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அதன்மேல் சாக்குகள் கிடந்தன. சாக்குகளின்மேல் கோழி படுத்தது. சென்ற பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் வண்டியைத் தராசுக் கொக்கியில் மாட்டுவதற்குள் நான் குறுக்கே போய் நின்றேன். ஏன் நின்றாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பா அன்று இரவு சாப்பிடும்போதுதான் வாய் திறந்தார். "படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்கு? நான் மிதிச்சது பத்தாதா?" அவ்வளவுதான். வண்டியை நான் பிரித்துப் போட்டிருந்த ஒன்றரை மாதமும் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

அது ஹெர்குலிஸ் வண்டி. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. எங்கள் இரும்புலியூர்ப் பக்கமிருந்து புறப்படும் பைபாஸ் சாலை அந்த அம்பத்தூரைத் தொட்டுக்கொண்டுதான் புழலுக்குப் போகிறது. அப்பா கொத்தனார். 1996-இல் பழைய வண்டியாகவே அதை வாங்கினார். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வீடுகள் எழும்பிய இடமெல்லாம் அதில்தான் போய்வந்தார்; முழங்கால் தேய்ந்தபின் விட்டுவிட்டார். ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த சிமெண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. பிறகு தேய்க்கவும் மனம் வரவில்லை.

பிரேம், போர்க், ஹேண்டில்பார், ராடு பிரேக், ஸ்பிரிங் சீட் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டேன். ரிம், டயர், செயின், பால்ஸ், காட்டர் பின் எல்லாம் புதியவை. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40; ஆளின் பாரமும் கேரியரின் பாரமும் பின்னால்தானே இறங்குகின்றன! சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு மற்றதை நானே செய்தேன். கடைகளில் இதற்கு 'ஓவராயிலிங்' என்று பெயர். ஆங்கில விரிவுரையாளர் கேட்டால் திருத்துவார். ஆனால் முழங்கை வரை எண்ணெயில் ஊறிய எனக்குக் கடைக்காரர் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

நான் யோசித்துத் தேர்ந்தெடுத்தது பிரீவீலைத்தான். பழையதில் 18 பல். டியூஷன் பணத்தோடு பூங்கா நிலையத்தில் இறங்கி, ரத்தன் பஜாரில் கடை கடையாகக் கேட்டு 22 பல் வாங்கினேன். முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு 48 பல். பழைய கணக்குப்படி பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5.9 மீட்டர் நகரும். புதிய கணக்கில் 4.8 மீட்டர்தான். ஆனால் அதே ஏற்றத்துக்குக் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இயற்பியல் படிப்பவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

கணக்குக்குப் பின்னால் ஒரு காட்சியும் இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் ரயில் பாதையைத் தாண்டும் எங்கள் மேம்பாலத்தில், கேரியரில் கரணையும் ரசமட்டமும் தூக்குச் சட்டியுமாக, அப்பா 18 பல்லை மூச்சிரைக்க மிதித்து ஏறுகிறார். அதை நினைத்துத்தான் ரத்தன் பஜாரில் அத்தனை கடை ஏறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியை வெளியே எடுத்தேன். கனமான வண்டி, கிளம்பத் தயங்கியது, கிளம்பியபின் நிற்க மனமில்லாமல் ஓடியது. மிதிப்பதை நிறுத்தினால் பிரீவீலின் 'கிர்ர்' சத்தம் மட்டும். மேம்பாலத்தில் சீட்டைவிட்டு எழாமலே ஏறினேன்! உச்சியில் ஒரு லாரியின் காற்று என்னை ஓரத்துக்குத் தள்ளியது. கீழே செங்கல்பட்டு மின்சார ரயில் போயிற்று. இறக்கத்தில் ராடு பிரேக் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது என்பதை அம்மா படிக்க மாட்டாள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு சுற்றிலும் கால் எங்கோ ஓரிடத்தில் இடறியது.

திரும்பியபோது அப்பா வாசற்படியில் டீ தம்ளருடன் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்டா நொண்டுது?"

நான் விழித்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "காட்டர் பின் ரெண்டையும் ஒரே பக்கமா அடிச்சிருக்க."

ஒரு பின்னின் நட்டு முன்பக்கம் பார்த்தால் மற்றது பின்பக்கம் பார்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது. எனக்கு இது தெரியாது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். கிராங்குக்கடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்தார். முட்டில்லாமல் அடித்தால் உள்ளே பால்ஸ் ஓடும் கப் பள்ளமாகிவிடும் என்றார். சுத்தியால் நான்கே அடி. பின்னைத் திருப்பிப் போட்டு இறுக்கினார். கை பின்சக்கரத்துக்குப் போனது.

"இருபத்திரண்டா? ஏத்தத்துக்குச் சுகமா இருக்குமே."

அதற்காகத்தானே காத்திருந்தேன்! மேம்பாலத்தை உட்கார்ந்தபடியே ஏறியதைச் சொன்னேன். பதினெட்டில் நீங்கள் எப்படித்தான் மிதித்தீர்களோ என்றேன்.

"பாலத்துல எவன் மிதிச்சான்? இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போவேன். அங்கதான் ஒரு பீடி பிடிக்க நேரம் கிடைக்கும்."

என் மனத்துக்குள் இத்தனை நாள் மிதித்துக்கொண்டிருந்த அப்பா பாலத்தின் நடுவில் இறங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். பெடலைப் பின்னோக்கி ஒருமுறை சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டார்.

"ம், இப்ப ஒரு சுத்து போயிட்டு வா."

போனேன். நொண்டல் இல்லை. தெருமுனை திரும்பும்போது பின்னால் குரல் கேட்டது.

"டேய், பெல்லு எங்கடா?"

வாங்கவே மறந்திருந்தேன்.