எத்தனையாவது ஜுஸ்உ?



மதரஸாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் உஸ்தாதைக் காணும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "என் பிள்ளை எத்தனையாவது ஜுஸ்உ ஓதுகிறான்?" அக்கேள்வியில் அக்கறை இருக்கிறது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், 30 ஜுஸ்உகளில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைக் கொண்டு, அவனுக்கு ஓதத் தெரியுமா என்பதை அறிந்துவிட முடியாது. பக்கம் நகர்வது வேறு. பிள்ளை முன்னேறுவது வேறு. இவ்வேறுபாட்டை நாம் அனைவரும் உணர வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

கற்பவரைச் சோதித்தறிவது நமக்குப் புதிய வழக்கமன்று. ஸஹீஹுல் புகாரீயில் கல்வி பற்றிய பகுதியில், தோழர்களிடமுள்ள அறிவைச் சோதிப்பதற்காகத் தலைவர் வினா எழுப்புவது குறித்துத் தனித் தலைப்பே அமைந்துள்ளது. முஸ்லிமுக்கு உவமையான, இலை உதிராத மரம் எதுவென்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அவையிலிருந்தோர் பாலைவன மரங்களை எண்ணிக்கொண்டிருந்தனர். அது பேரீச்ச மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றியது. ஆனால், இளையவராயிருந்ததால் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. இந்த ஹதீஸ் கற்பிப்போருக்குப் பெரும் பாடம். மௌனம் எப்போதும் அறியாமையன்று. வகுப்பில் பொதுவாகக் கேட்கும்போது விடை கூறாத பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்காதவரை, அவனுக்குத் தெரியாது என்று முடிவு கட்ட நமக்கு உரிமை இல்லை.

மற்றொரு ஹதீஸையும் நாம் அறிவோம். பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் கூறிய மனிதரை, மீண்டும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பி அனுப்பினார்கள். இதைவிடச் சிறப்பாகத் தமக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே வேண்டியபோது, தக்பீர் முதல் ஸுஜூத் வரை ஒவ்வொரு நிலையாக எடுத்துரைத்தார்கள். முதலில் அவர் செய்வதைக் கவனித்தார்கள், பிறகு கற்பித்தார்கள். மற்றவரோடு அவரை ஒப்பிடவில்லை. மதிப்பீட்டின் நோக்கம் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதன்று. கற்பித்தலை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கண்டறிவதே.

தஜ்வீத் அறிஞர்கள் ஓதுதலில் நேரும் பிழைகளை லஹ்ன் ஜலீ, லஹ்ன் கஃபீ என இருவகையாகப் பிரித்தார்கள். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக மாறுவதும் ஹரகத் மாறுவதும் வெளிப்படையான பிழைகள். குன்னா, இக்ஃபா போன்றவற்றில் நேரும் குறைகள் நுண்ணியவை. அடிநாக்கிலிருந்து எழுப்பி 'கல்ப்' என்றால் இதயம். அதையே முன்னே நகர்த்தி மெலிதாக உச்சரித்தால் நாய் என்று பொருளாகிவிடும். தமிழில் ககரம் ஒன்றே இருப்பதால் நம் பிள்ளைகளின் நாவுக்கு இவ்வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. இது கவனக்குறைவன்று, பயிற்சியால் நீங்குவது. பிழையின் வகை அறியாமல் எல்லாப் பிழைக்கும் ஒரே கண்டிப்பைத் தருவது, எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைத் தருவது போன்றதாகும்.

இதற்காக நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தேதி, ஓதிய இடம், தடைப்பட்ட இடம், தடைப்பட்ட காரணம் என நான்கு கட்டங்கள். எழுத்து தெரியவில்லையா, எழுத்து தெரிந்தும் கூட்டி ஓதத் தெரியவில்லையா, மத்தின் நீளம் பிசகியதா, மனனம் மறந்ததா என்று ஓரிரு சொற்களில் எழுதிவிடுவேன். ஒரே இடத்தில் ஐந்து பிள்ளைகள் தடுமாறினால் மறுநாள் வகுப்பின் பாடம் அதுவே. ஒருவன் மட்டும் தடுமாறினால் அவனுக்குத் தனியே பத்து நிமிடம். இந்தக் குறிப்பேட்டில் மதிப்பெண்ணும் இல்லை; முதலிடம், கடைசி இடமும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் எங்கள் மதரஸாவில் சேர்ந்தான். 20ஆவது ஜுஸ்உ ஓதுவதாகக் கூறினான். பக்கத்தின் தொடக்கத்திலிருந்து தங்குதடையின்றி ஓதினான். பக்கத்தின் நடுவே ஒரு சொல்லின்மீது விரல் வைத்து, "இங்கிருந்து ஓது, தம்பி" என்றேன். அவன் அமைதியானான். அருகிலிருந்தோர் ஓதுவதைக் கேட்டுக் கேட்டு அவன் செவி கற்றிருந்தது, கண் கற்றிருக்கவில்லை.

அவனுடைய அத்தாவை அழைத்து நிலையை விளக்கியபோது அவர் முகம் வாடியது. "இருபது ஜுஸ்உ ஓதியவனை அலிஃப், பாவுக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும், உஸ்தாத்? நோன்புக்குள் குர்ஆன் முடிப்பான், இனிப்பு கொடுக்கலாம் என்று சொந்தபந்தங்களிடம் சொல்லிவிட்டோமே" என்றார். அவருடைய வேதனை எனக்குப் புரிந்தது. நான் அவரிடம் இரண்டு செய்திகளை மட்டும் கூறினேன். சிறு வயதில் குர்ஆன் முடித்தும், இன்று முஸ்ஹஃபைத் திறந்து தனியே ஓத இயலாத பெரியவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அந்த நிலை இவனுக்கு வர வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை மீள ஓதிச் சரிபார்த்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை. திரும்பி வருவது தாழ்வென்றால் அது அங்கே நடந்திருக்குமா?

அவர் முழு மனத்தோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன்; மறுக்கவில்லை. சிறுவனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு அமர்த்தவில்லை. அவன் வயதினரோடேயே இருந்தான். மற்றவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பாக வந்து எழுத்துகளையும் கூட்டெழுத்துகளையும் பயின்றான். திக்கித் திக்கிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்ற நபிமொழியைக் கேட்டபோது, "எனக்கா, உஸ்தாத்?" என்று வியந்தான். முதலில் ஃபாத்திஹாவைச் சீர்செய்தோம். ஒரு நாளின் ஃபர்ளான தொழுகைகள் 17 ரக்அத்கள். அவன் வாழ்நாளெல்லாம் அதிகம் ஓதப்போவது அதுவே.

நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு மாலையில் அவன் ஓதும்போது பிழை செய்தான். நான் திருத்துமுன் தானே நின்றான், அச்சொல்லுக்குத் திரும்பினான், சரியாக ஓதினான். அன்று அவன் குறிப்பேட்டில், "தானே திருத்திக்கொண்டான்" என்று எழுதினேன். ஒரு மாணவன் அடையும் மிகப்பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் எண்ணம். அந்த ரமளானில் குர்ஆன் முடிக்கவில்லை, இனிப்பும் வழங்கப்படவில்லை. இப்போது 9ஆவது ஜுஸ்உ ஓதுகிறான். எந்தப் பக்கத்தைத் திறந்து எந்தச் சொல்லில் விரல் வைத்தாலும் ஓதுகிறான்.

பள்ளிக்கூடங்களிலும் இதே சிந்தனை வந்திருக்கிறது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். நம் மதரஸாக்களில் உஸ்தாதின் முன் ஒவ்வொரு பிள்ளையாக அமர்ந்து ஓதும் மரபு இதற்கு மிகவும் ஏற்றது. அந்த இரண்டு நிமிடங்களை அவசரமாகத் தள்ளிவிடாமல் பயன்படுத்தினாலே போதும்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம், "எத்தனையாவது ஜுஸ்உ?" என்று கேட்காதீர்கள். "இன்று எந்தச் சொல் கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவன் ஓதுவதை ஐந்து நிமிடம் அமர்ந்து கேளுங்கள். உங்களுக்கே ஓதுவதில் ஐயமிருந்தால் அவனோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அதில் குறைவேதும் இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளையோடு அவனை ஒப்பிடாதீர்கள். சென்ற மாதத்து அவனோடு இன்றைய அவனை ஒப்பிடுங்கள்.

கல்வியை மேன்மேலும் அதிகமாக்கித் தருமாறு கேட்கும்படி அல்லாஹ் தன் தூதருக்கே கற்றுக்கொடுத்தான். நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அவன் பயனுள்ள கல்வியை அதிகமாக்கி, குர்ஆனைத் தம் வாழ்நாள் முழுதும் திறந்து ஓதும் மக்களாக அவர்களை ஆக்குவானாக! ஆமீன்.