சாகணில் தண்ணீர் எவ்வளவு?

புணேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் சாகண். வெங்காயச் சந்தைக்குப் பேர்போன ஊர். இப்போது பஜாஜ், மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன் என்று வண்டித் தொழிற்சாலைகள் சூழ்ந்திருக்கின்றன. கடல் சஹ்யாத்ரி மலைக்கு அப்பால். இந்த ஊரில் ஒரு சாயங்காலம் முழுக்க மீன்களோடு போகும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தங்கை கணவருக்கு இங்கேதான் வேலை. மகளின் பிறந்தநாளைக் குடியிருப்பின் முற்றத்தில் வைத்திருந்தார்கள். வந்த பிள்ளைகளின் வீடுகளில் மராத்தி, இந்தி, போஜ்புரி, வங்காளம், தமிழ் என்று ஆளுக்கொரு மொழி.

முதலில் பேட்டரியில் சுற்றும் மீன்குளம். தட்டு சுழலும்போது அடியிலுள்ள மேட்டில் ஏறி இறங்கும் மீன்கள் வாயைத் திறந்து மூடும். திறந்திருக்கும் நொடியில் தூண்டில் காந்தத்தை உள்ளே விட வேண்டும். ஜப்பானியக் கோடைத் திருவிழாக்களிலும் இதே பரபரப்பு உண்டு: மெல்லிய காகிதம் ஒட்டிய கரண்டியால், காகிதம் நனைந்து கிழிவதற்குள் தங்கமீனை அள்ள வேண்டும். நல்ல விளையாட்டுதான். ஆனால் நாலு தூண்டிலைச் சுற்றி இத்தனை பிள்ளைகள் நின்றால் காத்திருப்பதே பெரும்பாடு.

அப்போதுதான் பீகார்க் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி எல்லோரையும் கைகோத்து வட்டமாக நிற்க வைத்தாள். நடுவில் ஒரு பிள்ளை, அதுதான் மீன். வட்டம் சுற்றிக்கொண்டே பாட்டாக மீனிடம் கேட்கிறது, தண்ணீர் எவ்வளவு என்று. மீன் கணுக்காலைத் தொட்டுக் காட்டுகிறது. மறுபடி கேள்வி, முழங்கால். பிறகு இடுப்பு, மார்பு, கழுத்து. ஒவ்வொரு முறையும் பாட்டு உரக்கிறது, கைப்பிடி இறுகுகிறது. தண்ணீர் தலைக்கு மேல் போனதும் மீன் வட்டத்தை அறுத்துக்கொண்டு பாய, மொத்தக் கூட்டமும் துரத்துகிறது.

வட இந்தியாவில் இதை ஆடாமல் வளர்ந்தவர்கள் குறைவு. எனக்கோ அன்றுதான் முதல் தரிசனம். இந்தி தெரியாத தங்கை மகள் மீனானபோது, "முட்டி வரைக்கும்!" என்று தமிழிலேயே கத்தினாள். கை முட்டியில் இருந்தது. வட்டத்துக்கு அது போதும். பொம்மையும் வேண்டாம், மொழியும் வேண்டாம். வெறும் தரையில் வெள்ளம் ஏறுவதை நானே பார்த்தேன்.

அதன்பின் தண்ணீர் விளையாட்டுகளாகவே வந்தன. மராத்திப் பிள்ளைகள் மலையா தண்ணீரா என்று கேட்டு ஆடும் 'டோங்கர் பாணி'யைத் தொடங்கினார்கள். பிடிப்பவன் தண்ணீரைத் தேர்ந்தால் மற்றவர்களுக்கு மேடுதான் காப்பு. வங்காளத்தின் 'குமிர் டாங்கா'வும் ஏறக்குறைய இதுதான். தண்ணீரில் இருப்பது முதலை. இவர்கள் ஒருவருக்கொருவர் விதியை விளக்கவேயில்லை. எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுக்கு எதற்கு விளக்கம்?

"மாமா, நம்ம ஊர் விளையாட்டு சொல்லுங்க!" என்றாள் தங்கை மகள். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் கரை. நான் "குளம்" என்றால் உள்ளே குதிக்க வேண்டும், "கரை" என்றால் வெளியே. மாறிக் குதித்தவர் அவுட். நாலைந்து முறை சொல்வதற்குள் ஒரு மராத்திப் பையன் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே கூவத் தொடங்கினான். குளம், குளம், கரை, குளம் என்று அவன் ஏமாற்றிய வேகத்தில் முதலில் அவுட்டானது நான்தான்.