கப்பலேறி வந்தவர்கள் படகு ஓட்டலாமே



கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், கிள்ளான் தாண்டி, கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 1972 வரை அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய நம்மவர் பலர் மலாயாவில் கால் வைத்த துறைகளுள் அதுவும் ஒன்று. கடல் தாண்டி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கடல் என்றால், ஞாயிற்றுக்கிழமை கேத்தாம் தீவுக்குப் போய் மீனும் நண்டும் தின்றுவிட்டு வருவதோடு சரி.

அதே துறைமுகத்தில்தான் ராயல் சிலாங்கூர் யாட் கிளப் இருக்கிறது. வாடைக்காற்றுப் பருவம் பிறக்கும் நவம்பரில், ராஜா மூடா பாய்மரப் போட்டி அங்கே புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போய்ச் சேரும். பணக்காரர் விளையாட்டு என்பார்கள். அந்தப் பெரிய படகுகளுக்கு அது பொருந்தும். பழகுகிறவர்களுக்கு அவை தேவையே இல்லை. ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகு, 1947இல் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்தது. நீளம் 2.3 மீட்டர், 15 வயது வரை அதில் போட்டியிடலாம். என்னைப் போன்ற பெரியவர்களுக்கு அதைவிட நீளமான லேசர் என்ற படகு.

கிள்ளான் கழிமுகத்தில் நீர் ஏறி இறங்கும் வேகம் புதியவர்களுக்கு ஒத்துவராது. அதனால் நான் பழகுவது புத்ராஜெயா ஏரியில். முதல் பாடமே படகைக் கவிழ்ப்பதுதான். பாய் தண்ணீரில் படுத்துவிடும். நீந்திச் சுற்றி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்து, அதன்மேல் ஏறி நின்று பின்பக்கம் சாய வேண்டும். பாய் முதலில் அசையாது. பிறகு தண்ணீர் வழிய வழிய மெல்ல எழும்பும். ஒரு முறை இதைச் செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மீதி பயத்துக்கு மருந்து, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. காற்று மிஞ்சினால் "லெப்பாஸ்!" என்று கத்துவார் மலாய்ப் பயிற்சியாளர், விட்டுவிடு என்று பொருள். கயிற்றை விட்டதும் பாய் படபடக்கும், படகு வேகம் இழக்கும். பதற்றத்தில் கை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடிக்கழி தலைக்கு மேல் வீசும். குனிந்து மறுபக்கம் மாறி உட்கார வேண்டும். பிற்பகலில் வானம் கறுத்தால் பேச்சே கிடையாது, கரைதான். இங்கே இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை.

இது நம்மவர்க்கு எட்டாத விளையாட்டல்ல. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் நேத்ரா குமணன், சென்னைப் பெண். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே இருக்கும் பெற்றோர்களே, இங்கே இருக்கும் பெற்றோர்களே, பிள்ளைக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். அடுத்த விடுமுறையில் உயிர்காப்புச் சட்டை மாட்டி ஒரு சின்னப் படகில் ஏற்றிவிடுங்கள். இடமிருந்தால் நீங்களும் சேருங்கள்.