மடத்துவெளியில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து குறிகட்டுவான் செல்லும் பஸ் வேலணையைக் கடந்து வாணர் தாம்போதியில் ஏறியதும், காற்றே வேறாகி விடுகின்றது. இரு மருங்கும் ஆழமற்ற பரவைக்கடல். ஒரு காலத்தில் இந்நீரை வள்ளத்திற் கடந்தே மக்கள் அக்கரை சேர்ந்தனர். இத்தாம்போதி எழுவதற்கு ஓயாது உழைத்த வாணர் சகோதரரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதனைத் தாண்டியதும் நம்மை எதிர்கொள்ளும் புங்குடுதீவுக் குறிச்சிதான் மடத்துவெளி.

பனங்கூடல், முருகன் கோயில், கமலாம்பிகை வித்தியாலயம், இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தோம். நம் கண்ணை உறுத்தியவை பூட்டிய படலைகள். 1991இல் போர் இத்தீவை விழுங்கியபோது மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். பின்னர்த் திரும்பியோர் சிலரே. பிள்ளைகள் கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வேரூன்றிவிட்டனர். ஊரை அவர்கள் மறந்தாரல்லர். கோயில்களின் புதுவர்ணமே அதற்குச் சாட்சி. ஆயினும் அவ்வர்ணத்தின் நிழலில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் முதியவர்களே.

பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஓர் ஆச்சியோடு பேச்சுக் கொடுத்தோம். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் மருந்துச் சரைகள். நீரிழிவுக்கு ஒரு கிளினிக், இரத்த அமுக்கத்துக்கு ஒன்று, கண்ணுக்கு மற்றொன்று.

"எது காலமை, எது இரவு எண்டு நிறத்தைப் பாத்துத்தான் பிள்ளையள் விழுங்கிறனான். இந்த முறை ரெண்டும் வெள்ளையாத் தந்திருக்கினம்," என்று சிரித்தார்.

மகன் பணம் அனுப்புவதில்லையோ என்று வினவினோம். ஆச்சியின் முகம் சற்றே சிவந்தது.

"என்ரை பிள்ளை மாசம் தவறாமல் அனுப்புவான். காசு இருக்குது. என்னோடை பஸ்ஸில ஏறி வாறதுக்குத்தான் ஆள் இல்லை."

கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். ஆனால் அந்த விடைக்காகவே இதனை எழுதுகின்றோம்.

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். புங்குடுதீவிலும் ஒரு வைத்தியசாலை உண்டு. எனினும் சிறப்பு மருத்துவரைக் காண வேண்டுமாயின் பட்டினத்துக்கே போதல் வேண்டும். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் முதலிற் கடலைக் கடந்து குறிகட்டுவானில் இறங்கி, பின்னரே இந்தச் சாலையைப் பிடிக்கின்றனர். நெடுந்தீவிலிருந்து வரும் கிழவருக்குக் கடலிலேயே ஒரு மணிநேரம் போய்விடும். காற்றுக் கடுமையான ஆடி மாதத்தில் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அறக்கொடையால் வைத்தியம் வளர்ந்த கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலமே, அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850இல் 'பிரெண்ட் இன் நீட்' என்ற உதவிச் சங்கம் அமைத்த ஆஸ்பத்திரிதான். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து வைத்தியரை உருவாக்கினார். கட்டிடத்தைவிட மாணாக்கரிலே செலவழித்த அந்த மனிதரை எண்ணும்போது, தூர தேசத்துச் செய்தி ஒன்றும் உடன் நினைவுக்கு வருகின்றது.

அமெரிக்காவில் தேயிலை வியாபாரமாகத் தொடங்கிப் பெருகிய மளிகைக் கடைகளின் செல்வத்திலிருந்து, ஜோன் ஹார்ட்போர்ட் என்பவர் 1929இல் ஓர் அறநிதியம் நிறுவினார். அந்நிதியம் 1980களில் முதியோர் சுகநலத்தின் பக்கம் திரும்பியது. முதியோரைப் பராமரிக்கும் தாதியரையும் மருத்துவரையும் பயிற்றுவதற்குப் பெருந்தொகை வழங்கியது. 2017இல் தொடங்கிய திட்டமொன்றில் வைத்தியசாலைகளை நான்கு காரியங்களைக் கவனிக்கச் செய்தது. அம்முதியவருக்கு எது முக்கியம் என்று கேட்பது, மருந்துகளைச் சீர்பார்ப்பது, மனத்தையும் நினைவையும் கவனிப்பது, நடமாட்டத்தைக் காப்பது. எவ்வளவு எளிய காரியங்கள்! ஆச்சியின் துணிப்பையை ஒருவர் அவிழ்த்துப் பார்த்திருந்தாலே இரண்டாவது காரியம் நிறைவேறியிருக்கும்.

இங்கும் சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம். மடத்துவெளி ஆச்சிக்கோ அச்சட்டத்தால் ஆவதொன்றில்லை. அவரைப் பிள்ளை கைவிடவில்லையே.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கத்தார் இதனைப் படிப்பாராயின், அவரிடம் நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. பெயர்க்கல் பதிக்கக்கூடிய மண்டபமோ இயந்திரமோ வேண்டா. ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சியளித்துச் சம்பளம் கொடுங்கள். வீடு வீடாகச் சென்று சரைகளிலே காலை, இரவு என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும், நீரிழிவுக்காரரின் பாதங்களிற் புண்ணுண்டோ என்று பார்ப்பதும், கிளினிக் நாளில் உடன் செல்வதும் அவர்கள் வேலையாகட்டும். ஒரு முச்சக்கர வண்டிக்கு மாதவாடகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டோடு நிறுத்திவிடாமல் பத்தாண்டுக்கேனும் உறுதி சொல்லுங்கள். திறப்பு விழாவும் மாலையும் இல்லாத செலவுதான். அதனாலேயே இதற்குப் பணம் சேர்ப்பது கடினமென்பதையும் அறிவோம்.

பஸ் வந்தது. ஆச்சியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டோம். கண்டக்டர் அவருக்கு முன் இருக்கையை ஒழித்துக் கொடுத்தார். ஆச்சி யன்னலால் தலையை நீட்டி, "இரவுக் குளிசை சின்னனோ, பெரிசோ?" என்று கேட்டார். நாம் சரையை வாங்கிப் படிப்பதற்குள் பஸ் தாம்போதியை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.