பலவீனமான விசை

பிளஸ் ஒன் வேதியியலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. மீத்தேன், அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் சல்பைடு, பியூட்டேன் என்று சில பொருள்களைக் கொடுத்து, அவற்றின் மூலக்கூறுகள் எந்த விசையால் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன என்று கேட்பார்கள். திருவொற்றியூரில் டியூஷன் எடுக்கிறவனுக்கு அந்தப் பட்டியல் ஏதோ மணலி சாலையில் வரிசையாக நிற்கும் டேங்கர் லாரிகள் மாதிரி இருக்கும். பின்பக்கப் பலகையில் 1075 என்றிருந்தால் எல்.பி.ஜி., 1203 என்றால் பெட்ரோல், 1005 என்றால் அம்மோனியா. தார் லாரியை மட்டும் எண் பார்க்காமலே மூக்கு சொல்லிவிடும்.

விடை எழுத மாணவர்களிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஃப்ளூரின் இவற்றில் ஒன்றோடு ஹைட்ரஜன் சேர்ந்திருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு. முனைவுள்ள மூலக்கூறென்றால் இருமுனை விசை. இரண்டும் இல்லையென்றால் லண்டன் விசை. இந்த வரிசையிலேயே பலமும் குறைந்துகொண்டு போகும், லண்டன் விசைதான் கடைசி, பலவீனமானது. மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்தப் 'பலவீனம்' என்ற சொல்லை எண்ணூர்ப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பி.டபிள்யூ. மேப்பிள், எல்.பி.ஜி. இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. டான் காஞ்சிபுரம், பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. கடலில் கொட்டியது கனமான எரி எண்ணெய். வினாத்தாள் கண்ணோடு பார்த்தால் எல்.பி.ஜி.க்கும் அந்த எண்ணெய்க்கும் விடை ஒன்றுதான். இரண்டும் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது முக்கியமாக லண்டன் விசை. ஆனால் எல்.பி.ஜி. கொட்டியிருந்தால் காற்றோடு போயிருக்கும். எண்ணெயோ எர்ணாவூர் கரையில் ஒதுங்கி, மணலும் கடல்நீரும் கலந்து கூழாகிவிட்டது. உறிஞ்சக் கொண்டுவந்த இயந்திரங்கள் அந்தக் கெட்டிக் குழம்பில் திணறின. மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் வாளியால் அள்ளினார்கள். கடலை வாளியால் சுத்தம் செய்கிறார்கள் என்று ஊரே கேலி செய்தது. அத்தனை கெட்டியான பொருளுக்கு வாளிதான் பொருத்தமான கருவி என்பது என் கட்சி.

லண்டன் விசை என்பது 1930இல் ஃப்ரிட்ஸ் லண்டன் விளக்கிய விசை. மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கம் கூடுதலாகச் சேரும். அந்தக் கணநேர முனை பக்கத்து மூலக்கூறின் எலெக்ட்ரான்களையும் ஒதுக்கும். இரண்டும் லேசாக ஈர்த்துக்கொள்ளும். நாலு கார்பன் உள்ள பியூட்டேனுக்கு இந்த ஈர்ப்பு மிகக் குறைவு, அதனால் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதித்துவிடும். சிலிண்டரில் அதைத் திரவமாக வைத்திருப்பது அழுத்தம். முப்பது, நாற்பது கார்பன் நீண்டுபோனால் கதை மாறுகிறது. கரைவலை இழுக்கிற வரிசையைப் போல, ஒவ்வொருவர் இழுப்பும் சிறிது, வரிசை நீளம். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயின் அடிப்பகுதியைச் சாதாரண அழுத்தத்தில் கொதிக்கவைக்க முடியாது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதற்குள் மூலக்கூறே உடைந்துவிடும். அதனால்தான் அழுத்தத்தைக் குறைத்து வெற்றிடத்தில் வடிக்கிறார்கள். அப்போதும் ஆவியாகாமல் அடியில் தங்குவதிலிருந்து தார் வருகிறது. சிறு சிறு ஈர்ப்பெல்லாம் கூடி, கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள பிணைப்பையே முந்திக்கொண்டு நிற்கிறது. இதையா பலவீனம் என்பது?

2023 டிசம்பரில் லண்டன் விசை, ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டும் ஒரே மாதத்தில் எங்கள் பக்கம் வந்தன. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி எண்ணூர் முகத்துவாரம்வரை படர்ந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் சிறகு எல்லாம் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு, 'பலமான' விசை. ஆனாலும் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூன்று ஹைட்ரஜன் இருந்தும் அவற்றைப் பிடிக்க நைட்ரஜனிடம் ஒரே ஒரு தனித்த எலெக்ட்ரான் இணை. தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு, தனித்த இணையும் இரண்டு. கணக்கு நேராகிறது, கொதிநிலை நூறு. தன் இனத்தோடு அரைகுறையாகச் சேர்கிற அம்மோனியா தண்ணீரைக் கண்டால் விடாது: அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் அரைக் கிலோவரை கரையும். வாயு கசிந்தால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்தச் சொல்வது இதனால்தான். கண்ணையும் தொண்டையையும் அது முதலில் எரிப்பதும் இதனால்தான், அவையும் ஈரம். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிகளை உறையவைக்கும் ஆலைகளிலும் குளிரூட்டியாக ஓடுவது பெரும்பாலும் அம்மோனியாதான். ஆவியாகும்போது தன் பிணைப்பை அறுக்க அது நிறைய வெப்பத்தைக் கேட்கிறது, பக்கத்திலுள்ள தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஐஸைப் பிடித்திருப்பதும் ஹைட்ரஜன் பிணைப்புதான்: ஒரு கிலோ உருகுவதற்கு வேண்டிய வெப்பம், உருகிய நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். விலை பேசி முடிவதற்குள் வஞ்சிரம் கெடாமலிருப்பது அந்தப் பிணைப்பின் தயவு.

பொழுது விடிவதற்குள் அம்மோனியா கலைந்துவிட்டது. எண்ணெய் அதற்கு முன்பே வந்தது, பிறகும் போகவில்லை. என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அம்மா இறால் தடவுகிறவர், ஆற்றில் கையால் துழாவிப் பிடிப்பார். "சோப்பு போட்டா போவல சார், டீசல தொட்டுத் தொடச்சாத்தான் போவுது" என்றார். சோப்புக்கும் எண்ணெய் பிடிக்கிற வால் ஒன்று உண்டுதான், ஆனால் இத்தனை தடித்த பூச்சுக்குள் அது எளிதில் நுழையாது. டீசல் அந்த எண்ணெயின் சொந்தம், அதே லண்டன் விசைக்காரன், உள்ளே புகுந்து இளக்கிவிடும். தோலின் இயற்கை எண்ணெயையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும் என்பதுதான் சங்கடம். அவர் கை வெடித்து வெள்ளையாக இருந்தது. தேங்காய் எண்ணெயை ஊறத் தேய்த்துத் துணியால் வழித்துவிட்டு அப்புறம் சோப்பு போடச் சொன்னேன். வேலை செய்வது அதே விசைதான், நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும். "எண்ணெ என்ன வெல விக்குது சார்?" என்று கேட்டார்.